முழங்கை டீச்சர்

நீச்சல் குளத்தின் கோடியில், மூன்றாவது லேன் முடிகிற இடத்தில், டீச்சர் குப்புறப் படுத்திருக்கிறார். ஒரு கன்னம் ஈரத் தரையில் ஒட்டியிருக்கிறது. வலது கை ஒரு நீளமான அலுமினியக் கம்பைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்திருக்கிறது. கம்பின் நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கேமரா. எதிரே ஒரு பல் டாக்டர் தண்ணீரை அடித்துத் துவைத்துக்கொண்டு வருகிறார். "முழங்கை! முழங்கை எங்க போச்சு?" என்று இவர் படுத்தபடியே கத்துகிறார். தலையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கும் மனிதருக்கு அது காதில் விழாது. அது இவருக்கும் தெரியும். ஆனாலும் கத்தாமல் இருக்க முடியவில்லை.

கத்திக் கத்தியே இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே டீச்சர், முதுகுக்குப் பின்னால் முழங்கை டீச்சர். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "கூப்பிட்டுட்டுப் போகட்டும். அப்படியாவது முழங்கைன்னு ஒண்ணு இருக்கிறது ஞாபகத்துல இருக்கட்டும்" என்றார் என்னிடம்.

இவர் நீச்சல் சொல்லித் தருகிறவர் அல்ல. அதற்கு விசிலும் தொப்பையுமாக வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவர்கள், இன்னும் சரியாகச் சொன்னால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், இவரிடம் வருவார்கள். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் படம் எடுப்பார். பிறகு மோட்டார் அறைக்குப் பக்கத்தில், குளோரின் டப்பாக்கள் அடுக்கிவைத்த ஒரு பொந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, படத்தை நத்தை வேகத்தில் ஓட்டுவார். கை எங்கே நுழைகிறது, எந்த இடத்தில் தண்ணீரைப் பிடிக்கிறது, எங்கே கோட்டைவிடுகிறது, மூச்சுக்குத் திரும்பும்போது தலை எவ்வளவு தூக்குகிறது என்று விரலால் திரையில் கோடு போட்டுக் காட்டுவார். "தன் முதுகு தனக்குத் தெரியாதுல்ல? அதுக்குத்தான் நான்" என்பார்.

எழுதி எழுதி எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நீந்தினால் சரியாகும் என்றார்கள். நீந்தினேன், இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அப்படித்தான் இவரிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் திரையில் யாரோ ஒரு ஆசாமி, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு போனான். பாவம், யார் இது என்று கேட்டேன். "நீங்கதான்" என்றார். நான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதாக அதுவரை நம்பியிருந்தேன். "நீங்க எங்க சார் கிழிச்சீங்க? போற வழியெல்லாம் தண்ணிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போறீங்க."

முழங்கை விவகாரம் இதுதான். கையை நீட்டித் தண்ணீருக்குள் விட்டதும் முழங்கை மேலேயே நிற்க வேண்டும், முன்கை மட்டும் மடங்கிக் கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் விரல்நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே துடுப்பாகும். முழங்கை முந்திக்கொண்டு இறங்கினால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். கை பாட்டுக்குச் சுற்றும், ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார். "பெரிய பானைய மேலேருந்து அணைச்சுப் பிடிக்கிற மாதிரி" என்று சொல்லி, அந்தப் பொந்தின் நடுவில் நின்று இல்லாத பானையை அணைத்துக் காட்டுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு கனிவு வரும். அது பானைக்குத்தான், நமக்கில்லை.

பாராட்டு என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர்காரர் இரண்டு மாதம் உயிரைக் கொடுத்துப் பழகிவிட்டு, "இப்பவாவது நல்லா இருக்கா டீச்சர்?" என்று கெஞ்சியே விட்டார். "நல்லா இருக்குன்னு சொல்ல உங்க வீட்ல அம்மா இருப்பாங்களே, அவங்ககிட்ட கேளுங்க" என்றார் இவர். அவர் கோபித்துக்கொண்டு போய், அடுத்த வாரம் அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கும் முழங்கை சரியில்லை என்று தெரிந்தது.

இரண்டு விஷயங்களில் ரொம்பக் கறார். ஒன்று, படத்தை ஓட்டிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். "கண்ணு நமக்குப் பிடிச்சதைத்தான் பார்க்கும். படம் அப்படியில்ல" என்பார். குளத்தைவிட்டு ஏறியதும் எப்படி, எப்படி என்று பறப்பவர்களைக் கையமர்த்திவிட்டுத் துண்டை எடுத்துக் கேமராவைத் துடைக்கப் போய்விடுவார். இன்னொன்று, அந்தக் கம்பை யாரும் தொடக் கூடாது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுவார்கள், கம்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். நானும் ஒருமுறை பிடித்தேன். விரல் கணுவில் சுள்ளென்று ஒரு தட்டு விழுந்தது. "அது பார்க்கிறதுக்கு சார். பிடிக்கிறதுக்கு இல்ல."

இவருக்கு முகம் மனதில் நிற்காது. ஒரு நாள் கடையில் பார்த்து வணக்கம் சொன்னேன். யாரோ என்று விலகி வழிவிட்டார். நான் மேல் தட்டிலிருந்த சோப்பை எடுக்கக் கையைத் தூக்கியதும், "அட, நீங்களா! வலது தோள் இன்னும் காதுகிட்ட வரமாட்டேங்குதே" என்றார். சட்டை போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லையாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள், மாடியில் துணி உலர்த்துகிறவர்கள், கரும்பலகையில் எழுதுகிறவர்கள் எல்லோரையும் தோளும் முழங்கையுமாகவே பார்த்துக்கொண்டு போகிறார். அவர் மட்டும் சரியாக நீந்துவாரா என்று கேட்டால், மாட்டார். அவர் நீந்துவதைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், முழங்கை தொப்பென்று விழுகிறதாம். ஏட்டுச் சுரைக்காய் என்று விசில்காரர்கள் கேலி செய்வார்கள். "சுரைக்காய் மிதக்கும்ல, அது போதும்" என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்.

வேடிக்கை இவ்வளவுதான். இனி எழுதுவது எனக்கே பிடிக்காத பகுதி.

புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும், படத்தைக் காட்டுவதற்கு முன்னால் டீச்சர் சில கேள்விகள் கேட்பார். "கையிலேருந்து ஏதாவது நழுவுதா? சாவி, டம்ளர், பேனா? படி ஏறும்போது கால் தட்டுதா?" நீச்சலுக்கு வந்தவரிடம் இது என்ன விசாரணை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வங்கி குமாஸ்தா ஒருவருக்கு இடது முழங்கை கொஞ்சம் இறங்கியது என்பதற்காக அவரை நரம்பு டாக்டரிடம் துரத்தியடித்தார். அவருக்கு ஒன்றுமே இல்லை, சோம்பேறித்தனம்தான். வீண் அலைச்சல் என்று குமாஸ்தா சண்டைக்கு வந்தார். "ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுதுல்ல? சந்தோஷமாப் போங்க" என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அப்படி யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் டீச்சர் என் படத்தைத் தேடும்போது விரல் தவறி வேறொரு படம் ஓடியது. யாரோ ஒருவர், நிறைய மூச்சு மிச்சம் வைத்திருப்பவர்போல, அலுங்காமல் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தார். கை நுழைந்த இடத்தில் ஒரு குமிழிகூட இல்லை. யார் இது, இவ்வளவு அழகாகப் போகிறாரே என்றேன்.

"எங்க வீட்டுக்காரர்" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் படத்தை ஓடவிட்டார். பிறகு அடுத்ததைத் தட்டினார். அதே மனிதர், அதே குளம். "இடது கையைப் பாருங்க." பார்த்தேன். நுழைந்ததும் முழங்கை லேசாகச் சரிந்தது. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதைத்தான் நான் முதல்ல பார்த்தேன். டாக்டருக்கு முன்னாடி, அவருக்கே முன்னாடி. பார்த்துட்டு என்ன சொன்னேன்? முழங்கையைத் தூக்குங்கன்னு சொன்னேன். கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குதுன்னு அவர் சொன்னாரு. சாக்குச் சொல்லாதீங்கன்னு திட்டினேன். வலது கையை மிதக்கிற பலகையில வச்சுக் கட்டிட்டு, இடதை மட்டும் போடுங்கன்னு, அந்த மழைக்காலம் முழுக்கப் போட வச்சேன். கை ஓயற வரைக்கும். அவரும் போட்டாரு."

ஒரு நாள் வேலை செய்யுமிடத்தில், லிஃப்ட் குழிக்கு மேலே நிற்கும்போது, அவர் கையிலிருந்து ஸ்பானர் நழுவி விழுந்திருக்கிறது. கீழே ஆள் இல்லாதது புண்ணியம். அதற்குப் பிறகுதான் டாக்டர், பரிசோதனை எல்லாம். தசைகளுக்கு நரம்பிலிருந்து போகிற உத்தரவு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகிற நோய். கையில் தொடங்கியிருக்கிறது, கையோடு நிற்காது. மருந்து வேகத்தைக் குறைக்கும், திருப்பிக் கொண்டுவராது.

முன்பே வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டாராம். நானும் அதையே சொல்லி ஆறுதல் செய்யப் பார்த்தேன். டீச்சர் திரையை அணைத்தார். "நடக்கிறது நடந்திருக்கும் சார், சரி. ஆனா அவரைத் திட்டாம இருந்திருக்கலாம்ல?" பக்கத்து அறையில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரைக் குளத்தில் லிஃப்ட்காரர் என்று சொல்கிறார்கள். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்தவர். கல்யாணத்துக்கு முன்னால் கைவீச்சைத் திருத்திக்கொள்ள இவரிடம் வந்தவர். "முழங்கையைக் காட்ட வந்தேன், கையைப் பிடிக்க வேண்டியதாப் போச்சு" என்பார். மனைவியை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். இப்போது வேலைக்குப் போவதில்லை. கூட்டம் வடிகிற சாயங்கால நேரத்தில், படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்.

ஒருமுறை உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் சட்டைப் பொத்தானோடு ஒற்றைக் கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்காதவன்போல் பெஞ்சுக்கடியில் செருப்பைத் தேடினேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

"பார்த்தா தப்பில்ல சார். மேல் பொத்தானை மட்டும் போட்டு விடுங்க" என்றார்.

போட்டுவிட்டேன். அவர் பேசினார். "வெளியில எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணும். சட்டைக்கு ஆள், சீப்புக்கு ஆள். தண்ணிக்குள்ள போயிட்டா மட்டும்தான் நான் யாருக்கும் பாரமில்ல. எனக்கே பாரமில்ல." மூச்சுக்கு வாயைத் தானாகத் திருப்ப முடிகிற வரைக்கும் நீந்தலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அது எந்த நாள் வரைக்கும்னு நான் எப்படிச் சொல்றது? எனக்கு எல்லா நாளும் நல்லாத்தான் இருக்கு. அதான் டீச்சர்கிட்டயே விட்டுட்டேன். அவ போதும்னு சொல்ற அன்னைக்கு ஏறிடுவேன். அதுக்கப்புறம் இறங்கவே மாட்டேன். அவ சொல்ற வரைக்கும் யார் சொன்னாலும் ஏற மாட்டேன்."

டீச்சரால் அதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"அவளுக்குப் பொய் வராது சார். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட என் கைவீச்சு நல்லா இருக்குன்னு சொன்னதில்ல" என்று சிரித்தார்.

அந்த வேலையை என்னிடம் யாராவது கொடுத்திருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பேன். டீச்சர் ஓடவில்லை. தினமும் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். மற்றவர்களுக்கெல்லாம் சரியான கைவீச்சு என்று ஒன்று இருக்கிறது, எல்லோரையும் அதை நோக்கி இழுப்பார். இவருக்கு மட்டும் தலைகீழ் வேலை. இருக்கிற பலத்துக்குத் தகுந்தபடி ஒரு நீச்சலைத் தைத்துக் கொடுப்பார். இடது கையைப் பாதியோடு நிறுத்தி, இடுப்பை அதிகம் சாய்த்து, வலது பக்கம் மட்டும் மூச்செடுக்கிற மாதிரி ஒன்று. அது பழகுவதற்குள் அளவு மாறிவிடும். மறுபடி பிரித்துத் தைக்க வேண்டும்.

"எப்படி டீச்சர்?" ஏறியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். டீச்சர் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

"இடது கையை மறந்துடுங்க. இழுத்துட்டு வராதீங்க, அது பாட்டுக்குப் பின்னால வரட்டும்."

"மறந்துட்டா அது கோச்சுக்குமே."

"கோச்சுக்கட்டும். நான் கோச்சுக்கிட்டதை விடவா?"

இப்படிப் பேசிக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுவிடுவார். தலையைத் துவட்டும்போது மட்டும் அவர் காது சிவக்கிற அளவுக்கு அழுத்தித் துவட்டுவார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது.

கொஞ்ச நாளாக டீச்சர் அந்தப் பொந்தில் அதிக நேரம் உட்கார ஆரம்பித்தார். ஒரே துண்டுப் படத்தை, வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த ஒரு நொடியை, முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பார். வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் விரலை வைத்து இடைவெளி பார்ப்பார். ஒரு விரல் இருந்த இடத்தில் அரை விரல். வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் சாயுங்க" என்று மட்டும் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை.

ஒரு நாள் என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சம்பந்தமே இல்லாமல் கேட்டார். "சார், நீங்க எழுதறவரு. போதும்னு சொல்றதுக்கு வேற ஏதாவது வார்த்தை இருக்கா?"

வார்த்தையை விற்றுப் பிழைக்கிறவன் நான். தலையைச் சொறிந்து பார்த்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதே தவிர, ஒன்றும் தேறவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, என் கழுத்து இன்னும் மேல்நோக்கியே இருப்பதாகத் திட்டத் தொடங்கினார்.

போன வாரம் ஒரு சாயங்காலம். மழை வரும்போல் வானம் மூடியிருந்ததால் எல்லோரும் சீக்கிரமே ஏறிப் போய்விட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து காதுக்குள் போன தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தேன். லிஃப்ட்காரர் வழக்கம்போல் படியில் இறங்கினார். இந்த முறை பெருமூச்சு வருவதற்குக் கொஞ்சம் நேரமானது. டீச்சர் குளத்தின் கோடியில் கன்னத்தைத் தரையில் வைத்துக் கம்பை இறக்கினார்.

முதல் சுற்று பரவாயில்லை. இரண்டாவதில், பாதி தூரத்தில், மூச்சுக்காகத் திரும்பினார். வாய் மேலே வரவில்லை. மறுபடியும் உருண்டார். பாதிதான் வந்தது, காற்றோடு தண்ணீரும் உள்ளே போயிருக்க வேண்டும். இருமல் குளம் முழுக்க எதிரொலித்தது. நான் எழுந்துவிட்டேன். டீச்சர் அசையவில்லை, கம்பும் அசையவில்லை. லிஃப்ட்காரர் மல்லாந்து சற்று மிதந்தார். பிறகு காலை மட்டும் அடித்து அடித்து, விளிம்புக்கு ஓர் ஆள் தூரத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"எப்படி டீச்சர்?" என்றார். அதே குரல், அதே சிரிப்பு.

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் தரையின் கோடுகள் பதிந்திருந்தன. கம்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இனி அவர் துண்டை எடுப்பார், பொந்துக்குள் போவார், படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார் என்று நான் காத்திருந்தேன். அவர் கம்பின் நுனியிலிருந்த திருகைச் சுற்றினார். கேமராவைக் கழற்றினார். அதைத் துடைத்து, உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, பெஞ்சில் என் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

பிறகு வெறுங்கம்போடு போய் விளிம்பில் மண்டியிட்டு, அதன் நுனியைக் கணவருக்கு நேரே நீட்டினார்.

லிஃப்ட்காரர் அந்த நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழை தூறத் தொடங்கிவிட்டது. தண்ணீருக்கடியில் கிடந்த இடது கையை வலது கையால் தூக்கியெடுத்து, கம்பின் மேல் வைத்து, நழுவாமல் அதன்மேல் வலது கையையும் வைத்து மூடிக்கொண்டார். டீச்சர் கம்பை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.